பெர்லின்: ஸ்டாசி தலைமையகமும் ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறையும் ஒரே நாளில் முடியுமா?

மதுரைவீதி

நவம்பரில் பெர்லினில் ஒரு முழு நாள் கிடைக்கும். கிழக்கு ஜெர்மனி உளவுத்துறையான ஸ்டாசியின் வளாகத்தையும் அவர்கள் நடத்திய சிறையையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில்தான் என்று ஒரு குறிப்பு சொல்கிறது, இல்லை என்று இன்னொன்று. எதை முதலில் பார்ப்பது? எவ்வளவு நேரம் பிடிக்கும்? முன்பதிவு வேண்டுமா? எங்களில் யாருக்கும் ஜெர்மன் வராது. ஒருவருக்கு 68 வயது, முழங்கால் தொந்தரவு உண்டு.

ஆவணப்பூச்சி

இரண்டும் வேறு வேறு இடங்கள். இடையில் சில கிலோமீட்டர் தூரம். நடத்துவதும் தனித்தனி அமைப்புகள்.

முதலாவது லிஷ்டன்பெர்க் பகுதியில், ரூஷெஸ்ட்ராஸ 103இல் இருக்கும் அமைச்சக வளாகம் (ஸ்டாசி என்பது அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் சுருக்கப்பெயர்). மந்திரி எரிஷ் மீல்கேயின் அலுவலகம் இருந்த ஹௌஸ் 1தான் இப்போது ஸ்டாசி அருங்காட்சியகம். இரண்டாவது ஹோஹென்ஷோன்ஹவுசனில், கென்ஸ்லர்ஸ்ட்ராஸ 66இல் உள்ள விசாரணைச் சிறை. அது நினைவிடமாக இருக்கிறது.

ஒரே நாளில் தாராளமாக முடியும். காலையில் அலுவலகம், மதியத்துக்கு மேல் சிறை. அருங்காட்சியகம் திங்கள் முதல் வெள்ளி வரை 10 மணிக்கும், சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் 11 மணிக்கும் திறக்கும். மாலை 6 வரை. அங்கே நீங்களே சுற்றிப் பார்க்கலாம், பலகைகள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் உண்டு. சிறைக் கட்டடத்துக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். நுழைவிடத்தில் உள்ள நிரந்தரக் கண்காட்சியை மட்டும் தனியாகப் பார்க்கலாம். அதனால் முதலில் சிறைக்கான ஆங்கிலச் சுற்றின் நேரத்தைத் தளத்தில் பார்த்துப் பதிந்துகொண்டு, மற்றதை அதற்கு ஏற்ப வையுங்கள். நேராகப் போய் நின்றால் ஜெர்மன் சுற்றில் மட்டும் இடம் இருக்கக்கூடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நெல்லியடி

போற வழி சொல்றன். ஹௌப்ட்பான்ஹோஃப் இல்லாட்டி அலெக்சாண்டர்பிளாட்ஸில யூ5 எடுங்கோ, ஹோனோ பக்கம் போற ரயில். மக்டலேனென்ஸ்ட்ராஸவில இறங்குங்கோ. இறங்கின உடனே மேல ஏறிப் போயிடாதேங்கோ. பிளாட்பாரச் சுவர் ரெண்டு பக்கமும் 20 பெரிய ஓவியம் இருக்குது, 1986இல வைச்சது, ஜெர்மன் புரட்சி வரலாறு பற்றி. ஸ்டாசி வாசலுக்குப் பக்கத்து ஸ்டேஷனில அந்த அரசு தன்னை எப்பிடிக் காட்ட விரும்பினது எண்டதை அங்கயே பாக்கலாம், காசும் இல்லை.

டிக்கெட் ஏபி மண்டலம் காணும். காகித டிக்கெட் எண்டால் பிளாட்பாரத்தில நிக்கிற சின்னப் பெட்டிக்குள்ள விட்டு முத்திரை குத்தவேணும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் அவைக்கு ஒண்டுதான், 60 யூரோ தண்டம். வெளிநாட்டுக்காரர் எண்டு விடமாட்டினம்.

அங்கயிருந்து சிறைக்குப் போக ஒரு ஸ்டேஷன் தள்ளி லிஷ்டன்பெர்க் போய் 256ஆம் நம்பர் பஸ் எடுக்கலாம், லீபன்வால்டர் ஸ்ட்ராஸ / கென்ஸ்லர்ஸ்ட்ராஸ நிறுத்தம். இல்லாட்டி பிராங்ஃபுர்ட்டர் அலே திரும்பிப் போய் 16ஆம் நம்பர் டிராமில கென்ஸ்லர்ஸ்ட்ராஸ. அதில இறங்கினால் கொஞ்சம் நடக்கவேணும். முழங்கால் நோ இருக்கிற ஆளோட எண்டால் பஸ்தான் நல்லது. சாப்பாடு பிராங்ஃபுர்ட்டர் அலேயிலயே முடிச்சிடுங்கோ, பெரிய கடைத்தொகுதி ஒண்டு ஸ்டேஷனோட ஒட்டி இருக்குது. சிறைப் பக்கம் வெறும் குடியிருப்பு.

புளியமரம்

எனக்கென்னவோ அலுவலகத்தை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. மரப்பலகை அடித்த சுவர், நீள மேசை, வரிசையாக நாற்காலி, நாலு தொலைபேசி. நம்மூர் பொதுப்பணித்துறை விருந்தினர் மாளிகை மாதிரியே இருக்கும். சிறையை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

ஆவணப்பூச்சி

இதில் ஒத்துப்போக முடியவில்லை. சிறைக்கு மட்டும் போனால் "கொடுமையான இடம்" என்பதோடு திரும்பி வருவீர்கள். அங்கே ஒரு ஆள் எப்படி வந்து சேர்ந்தார் என்பது லிஷ்டன்பெர்க்கில்தான் கிடைக்கும்.

ஹௌஸ் 1 வாசலைக் கடந்ததும் முன்கூடத்தில் பார்காஸ் பி1000 வண்டி ஒன்று நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண சரக்கு வேன். உள்ளே ஜன்னல் இல்லாத 5 அறைகள், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் அளவு. இந்த மாதிரி வண்டிகளின் பக்கவாட்டில் மீன், காய்கறி என்று விளம்பரம் எழுதியே ஓட்டினார்கள். கைதானவரை அதில் ஏற்றி ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள், எந்த ஊரில் இறக்குகிறார்கள் என்றே தெரியக் கூடாது என்பதற்காக. காலையில் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு, மதியம் சிறையில் அந்த வண்டி நுழையும் மூடிய கொட்டகையைப் பாருங்கள். இருட்டு வண்டிக்குள்ளிருந்து கண்ணைக் கூசும் விளக்கு வெளிச்சத்தில் இறக்குவார்கள். முன்கூடத்து வண்டியைப் பார்க்காமல் போனால் அது வெறும் கார் ஷெட்.

அப்புறம் கார்டுகள். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மற்ற எல்லாம் பிடிபடும். ஸ்டாசியின் மைய அட்டவணையில் முக்கியமானவை இரண்டு: எஃப்16, எஃப்22. எஃப்16 கார்டில் உண்மைப் பெயர், பிறந்த நாள், ஒரு பதிவு எண். அவர் உளவு சொன்னவரா, உளவு பார்க்கப்பட்டவரா என்பது அதில் இருக்காது. எஃப்22 கார்டில் அதே பதிவு எண், வழக்கின் வகை, புனைபெயர், பொறுப்பு அதிகாரி. உண்மைப் பெயர் இருக்காது. இரண்டையும் கையில் வைத்துச் சேர்த்தால்தான் ஆள் தெரிவார். கார்டு எடுத்துக் கொடுக்கும் ஊழியருக்கே முழுக்கதை தெரியக் கூடாது என்று பிரித்து வைத்த ஏற்பாடு இது.

எஃப்16 அகர வரிசையிலும் இல்லை, ஒலி வரிசையில் இருக்கிறது. மையர் என்ற பெயரை ஜெர்மனில் நாலைந்து விதமாக எழுதலாம். எழுத்தை வைத்து அடுக்கினால் ஒரே ஆள் நாலு இடத்தில் சிதறிப்போவார்; ஒலியை வைத்து அடுக்கினால் தப்ப முடியாது. நம்மூர் வாக்காளர் பட்டியலில் முருகேசனைத் தேடியவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

இதை நேரில் பார்க்க ஹௌஸ் 1 மட்டும் போதாது. அதே வளாகத்தில் ஹௌஸ் 7இல் ஆவணக் காப்பகத்தின் தனிக் கண்காட்சி இருக்கிறது, அனுமதி இலவசம். அருங்காட்சியகச் சீட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லாததால் பாதிப் பேர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மதுரைவீதி

அந்தக் காப்பகம் இன்னும் இயங்குகிறதா, இல்லை அதுவும் காட்சிக்கு மட்டுமா?

ஆவணப்பூச்சி

இயங்குகிறது. நாடு முழுக்க உள்ள கிளைகளையும் சேர்த்து 111 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோப்புகள். 1991 டிசம்பர் இறுதியில் வந்த சட்டப்படி, தன்னைப் பற்றிய கோப்பை யாரும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். 2021 ஜூன் 17 முதல் இது கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கீழ் வந்துவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் வேறு அலுவலகத்தின் பெயர் இருக்கும், குழம்ப வேண்டாம்.

கோப்புகள் அதே இடத்தில் தங்கியதும் தானாக நடந்ததல்ல. ஜெர்மனிகள் இணைந்தபோது அவற்றை மேற்கே கோப்லென்ஸ் காப்பகத்துக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். 1990 செப்டம்பரில் மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் இந்த வளாகத்துக்குள் புகுந்து உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்குப் பிறகே கோப்புகளை இங்கேயே வைத்துத் திறந்துவிடும் முடிவு வந்தது.

செங்கல்சூளை

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹௌஸ் 1 மீல்கேவுக்காக 1960-61இல் கட்டியது. வாசலுக்கு முன்னால் துளைத்துளையாகக் கான்கிரீட் தட்டி ஒன்று நிற்பதைக் கவனியுங்கள். பார்க்க அலங்கார ஜாலி மாதிரி இருக்கும். காரிலிருந்து யார் இறங்கி உள்ளே போகிறார் என்று எதிர்க் கட்டடங்களிலிருந்து தெரியாமல் மறைப்பதற்காக வைத்தது. சொந்த ஊழியர் கண்ணிலிருந்தே மறைப்பு.

இரண்டாம் மாடிதான் மீல்கேயின் தளம் (அவர்கள் கணக்கும் நம் கணக்கும் ஒன்றே, தரைத்தளத்துக்கு மேல் இரண்டு). 2010 முதல் 2012 வரை கட்டடத்தைப் பழுதுபார்த்தபோது இந்தத் தளத்தின் அறைகளை மாற்றாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போதைய நிரந்தரக் கண்காட்சி 2015 ஜனவரியில் மற்றத் தளங்களில் வந்தது. புளியமரம் சொன்ன அந்த "விருந்தினர் மாளிகை" தோற்றம் உண்மைதான், ஆனால் அறைகளின் வரிசையைப் பாருங்கள்: கூட்ட அறை, அலுவலகம், செயலகம், அதன் பின்னால் படுக்கை, குளியலறை, சமையலறை. மந்திரி கீழே இறங்காமலே நாள் முழுக்க இருந்துவிடலாம். காலை உணவுத் தட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று படம் போட்டு எழுதிய அட்டை ஒன்றும் காட்சியில் இருக்கிறது. தட்டு, முட்டை, ரொட்டி, கத்தி எல்லாவற்றுக்கும் இடம் குறித்திருப்பார்கள். சிறிய அட்டைதான், வேகமாக நடந்தால் தவறிவிடும்.

முழங்கால் வலிக்காரருக்கு: ஹௌஸ் 1இல் லிஃப்ட் உண்டு. சிறையின் பழைய பகுதி அடித்தளத்தில் இருக்கிறது, படி இறங்கித்தான் ஆகவேண்டும். பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

புளியமரம்

கார்டு விஷயம் நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1990 ஜனவரியில் கூட்டம் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் உடைத்துவிட்டது என்கிறார்களே. அப்படியிருக்க மந்திரி அறை மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது? பிறகு அடுக்கி வைத்த செட்தானே?

ஆவணப்பூச்சி

நியாயமான சந்தேகம். 1990 ஜனவரி 15 மாலை நியூ ஃபோரம் என்ற கிழக்கு ஜெர்மனி எதிர்ப்பு அமைப்பு அழைத்த ஆர்ப்பாட்டம் அது. ஆளுக்கொரு செங்கல் கொண்டுவந்து வாசலை அடையாளமாக அடைப்பதுதான் அழைப்பு. வாசல் திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஆனால் பெரும்பகுதி போனது ஹௌஸ் 18க்கு. அது உணவகம், கடைகள் எல்லாம் இருந்த சேவைக் கட்டடம். உடைந்த கண்ணாடி, பறக்கும் காகிதம் என்று வந்த படங்களில் பெரும்பாலானவை அங்கே எடுத்தவை. மந்திரி மாடிப் பக்கம் பெரிய சேதம் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதியே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள், இடையில் பத்து மாதம்கூட இல்லை. நாற்காலி ஓர் அங்குலம் நகர்ந்திருக்கலாம், செட் என்று சொல்ல முடியாது.

முற்றத்தில் திறந்தவெளிக் கண்காட்சி ஒன்று இருக்கிறது, 1989-90 புரட்சியைப் பற்றி. அதுவும் இலவசம். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலையில் உள்ளே போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மதுரைவீதி

கிழித்துப்போட்ட கோப்புகளை ஒட்டவைக்கிறார்கள் என்று படித்தேன். அதைப் பார்க்க முடியுமா?

ஆவணப்பூச்சி

ஒட்டும் வேலையைப் பார்க்க முடியாது, கிழித்த துண்டுகள் கிடந்த மூட்டைகளைப் பற்றிக் கண்காட்சியில் தெரிந்துகொள்ளலாம். 1989 இறுதியில் அழிக்கத் தொடங்கியபோது துண்டாக்கும் இயந்திரங்கள் சூடேறி நின்றுவிட்டன. மீதியைக் கையால் கிழித்தார்கள். எரிக்கவோ கூழாக்கவோ நேரம் கிடைப்பதற்குள் மக்கள் வந்துவிட்டார்கள். சுமார் 16,000 மூட்டைகள் மிஞ்சின.

கையால் கிழித்ததுதான் பின்னால் உதவியது. ஓர் அதிகாரி தன் மேசைக் கோப்பை நாலாக, எட்டாகக் கிழித்து ஒரே மூட்டையில் போட்டிருப்பார். ஒரு தாளின் துண்டுகள் அதே மூட்டையில், பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கும். அதனால் மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கொட்டிக் கலக்கிவிட்டால் தொலைந்தது. 1995 முதல் கையாலேயே ஒட்டி 15 லட்சம் பக்கங்களுக்கு மேல் மீட்டார்கள். கணினியால் ஒட்டும் முயற்சியும் 2007இல் தொடங்கியது. ஃப்ரௌன்ஹோஃபர் என்ற ஜெர்மன் ஆய்வு நிறுவனத்தின் மென்பொருள் 23 மூட்டைகளில் சுமார் 91,000 பக்கங்களைச் சேர்த்தது. அதற்குமேல் போகவில்லை. இடறியது வருடிதான் (ஸ்கேனர்): இரண்டு பக்கமும் எழுத்துள்ள, ஓரம் நைந்த சிறு துண்டுகளை இந்த அளவில் விரைவாக வருடும் இயந்திரம் அமையவில்லை.

செங்கல்சூளை

சிறையில் எதைக் கவனிப்பது என்று யாரும் எழுதவில்லையே.

அது மூன்று காலத்தின் அடுக்கு. முதலில் ஒரு பெரிய சமையற்கூடம். 1945 மே முதல் 1946 அக்டோபர் வரை சோவியத் ராணுவத்தின் சிறப்பு முகாம் எண் 3. சுமார் 20,000 பேர் அதன் வழியாகப் போனார்கள். பிறகு அந்தக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே கைதிகளை வைத்து ஜன்னல் இல்லாத அறைகளைக் கட்டினார்கள். கைதிகள் அதற்கு வைத்த பெயர் "நீர்மூழ்கி". 1951இல் ஸ்டாசி கைக்கு வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் பக்கத்து வேலைமுகாம் கைதிகளைக் கொண்டு புதுக் கட்டடம் எழுப்பினார்கள்: சிறையறைகளும் விசாரணை அறைகளும் சேர்த்து 200க்கு மேல்.

பலரும் நீர்மூழ்கியின் ஈரத்திலும் இருட்டிலும் உறைந்துபோய், புதுக் கட்டடத்தை "பரவாயில்லை, கட்டில் இருக்கிறது, வெந்நீர் வருகிறது" என்று கடந்துவிடுகிறார்கள். புதுக் கட்டடம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஜன்னலில் கண்ணாடிச் செங்கல்: பகலா இரவா என்று தெரியும், வெளியே என்ன என்று தெரியாது. நடைபாதைத் திருப்பங்களில் சிவப்பு, பச்சை விளக்கு: ஒரு கைதி நடக்கும்போது இன்னொருவர் எதிரே வரக் கூடாது. சிவப்பு எரிந்தால் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சுவரில் தோள் உயரத்தில் ஓடும் மெல்லிய கம்பியைத் தேடிப் பாருங்கள். மின்கம்பி என்று நினைத்துவிடுவோம், அது அபாய இழுப்பு. காவலர் எந்த இடத்தில் நின்றும் இழுக்கலாம், இழுத்தால் மணி அடிக்கும்.

விசாரணை அறை ஒன்றைப் போலவே இன்னொன்று. அதிகாரியின் மேசை, திரைச்சீலை, ஒலி வெளியே போகாத இரட்டைக் கதவு, கைதிக்கு மூலையில் ஒரு முக்காலி. இதுவும் அலுவலகம்தான். காலையில் மீல்கே மாடியில் பார்த்த அதே பாணி மேசை.

புளியமரம்

அங்கே பல வழிகாட்டிகள் முன்னாள் கைதிகள். அது பலமா பலவீனமா என்று எனக்குத் தெரியவில்லை. சொந்த வலியைச் சொல்பவரிடம் "அது எந்த ஆண்டு?" என்று எப்படிக் கேட்பது?

ஆவணப்பூச்சி

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான், மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. அங்கே ஐம்பதுகளும் எண்பதுகளும் ஒரே நாடு அல்ல. முதல் காலத்தில் அடி, தூக்கம் பறிப்பு, தண்ணீர்ச் சித்திரவதை. பிறகு மனத்தை உடைக்கும் முறை: தனிமை, நிச்சயமின்மை, பெயருக்குப் பதில் எண், இரவில் மல்லாந்து படுத்துக் கைகளைப் போர்வைக்கு மேலே வைக்கச் சொல்லி விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது. சிறைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் இதே சரக்கு உண்டு. 1976 ஜனவரியில் வந்த 1/76 என்ற உத்தரவில் அதற்கு "சிதைப்பு" என்றே பெயர் வைத்திருந்தார்கள்: வேலை, திருமணம், நட்பு எல்லாவற்றையும் யார் செய்தது என்று தெரியாமல் குலைப்பது. வழிகாட்டி நீர்மூழ்கியில் சொல்வதை எண்பதுகளில் கைதானவர் தலையில் ஏற்றிவிட்டால் தப்பான சித்திரம் கிடைக்கும்.

வரலாறு படித்த வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆங்கிலச் சுற்றில் யார் வருவார் என்பது அன்றைய அதிர்ஷ்டம். யார் வந்தாலும், சுற்று முடிந்து நிரந்தரக் கண்காட்சியில் அரைமணி நேரம் செலவிட்டால் ஆண்டுகள் சீராகிவிடும். அதற்குக் கட்டணம் இல்லை.

நெல்லியடி

ஒரு விசயம் சேர்க்கிறன், எங்கட ஆக்களுக்கு. எண்பதுகளில கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில வந்திறங்கி, பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷனால மேற்கு பெர்லினுக்குப் போன ஈழத்தமிழர் நிறையப் பேர். மேற்குப் பக்கம் அதை எல்லை எண்டே ஏற்காததால அங்க பாஸ்போர்ட் சோதனை இல்லை. 1985இல மேற்கு ஜெர்மனி நெருக்கினதில கிழக்கு அந்தக் கதவைத் தமிழருக்குச் சாத்தினது. அந்த ஸ்டேஷனோட ஒட்டி இருக்கிற வெளியேறு மண்டபம், "கண்ணீர் மாளிகை" எண்டு சொல்லுறது, 2011இலயிருந்து அருங்காட்சியகம், இலவசம். பாஸ்போர்ட் பாக்கிற ஒடுக்கமான கூண்டு அங்க இருக்குது. அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் இருந்தால் போங்கோ.

மதுரைவீதி

அருமை. அப்படியானால் 10 மணிக்கு லிஷ்டன்பெர்க், 2 மணிச் சுற்றுக்குச் சிறை என்று வைத்துக்கொள்ளட்டுமா?

ஆவணப்பூச்சி

2 மணி நெருக்கடி. ஹௌஸ் 1க்கு இரண்டரை மணி நேரம், ஹௌஸ் 7க்கு ஒன்று, சாப்பாடு, பயணம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். 3 மணிக்கு அல்லது அதற்குப் பிறகு ஆங்கிலச் சுற்று இருந்தால் அதைப் பதியுங்கள். 2 மணிதான் கிடைக்கிறது என்றால் ஹௌஸ் 7ஐ விடாதீர்கள், ஹௌஸ் 1இல் மேல்தளத்தை வேகமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அலைபேசி வரைபடத்தில் "ஸ்டாசி" என்று மட்டும் தட்டாதீர்கள். தெருப்பெயர், எண் போட்டுத் தேடுங்கள். "டோபோகிராஃபி ஆஃப் டெரர்" என்ற இடத்தையும் சிலர் இதோடு குழப்புவார்கள். அது நாஜி கால ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைமையகம் இருந்த இடம், நகர மையத்தில், வேறு கதை.

நெல்லியடி

நவம்பரில சிறைக்குள்ள நல்ல குளிர். தடிச்ச சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கோ, நிண்டு நிண்டுதான் கேக்கவேணும். முழங்கால் நோக்காரருக்கு மடிக்கிற சின்ன முக்காலி ஒண்டு கொண்டுபோகலாமோ எண்டு பதியேக்கயே கேட்டு வையுங்கோ.